நாற்பது கையெழுத்தும் ஒரு கள்ளனும்

நான்கு வருஷத்துக்கு முன்னால், பிளஸ் டூ முடித்து, ஐந்தாண்டு சட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்த நேரம். சங்கரன்கோவில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டரி வக்கீலின் ஆபீசில் நடந்தது இது.

இடம் கிடைத்த சேதி வந்த அன்றே நான் வக்கீலாகிவிட்டேன். படிப்பு மட்டும்தான் பாக்கி. முதல் வேலையாகக் கையெழுத்தை மாற்றினேன். அதுவரை என் பெயரை முழுசாக, தட்டில் அடுக்கிய இட்லி மாதிரி குண்டு குண்டாக எழுதிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து எந்த எதிர்க்கட்சி வக்கீல் பயப்படுவார்? ஒரு வாரம் கடும் பயிற்சி. ஒரு சுழி, மின்னல் மாதிரி ஓர் இழுப்பு, அடியில் இரண்டு கோடு.

கல்லூரியில் பிரமாணப் பத்திரம் கேட்டிருந்தார்கள். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, அன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் இடம் அடுத்தவனுக்கு. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேரும்போதே மணி மூன்றரை.

வக்கீலம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். குமாஸ்தா அண்ணாச்சி பத்திரத்தை நீட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டு மின்னலை இறக்கினேன். அவர் அதையும், அடையாளத்துக்கு நான் கொடுத்திருந்த பிளஸ் டூ ஹால் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏலே, இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான் அண்ணாச்சி."

"அப்போ ஹால் டிக்கெட்ல போட்டது யாரு? இந்தா, இந்தத் தாள்ல இன்னொருக்கா போடு பாப்போம்."

போட்டேன். சுழி இடம் மாறி விழுந்தது. மறுபடி போட்டேன். இரண்டு கோடு மூன்றாகிவிட்டது. ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினேன். அதிலிருந்த சின்னப் பையனை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அப்போதுதான் என் சட்ட மூளை விழித்தது. ஆதாரம்தான் கையிலேயே இருக்கிறதே! பையிலிருந்து நோட்டை எடுத்து, பழகிய பக்கத்தைப் பெருமையாக விரித்தேன். வரிசையாக நாற்பது கையெழுத்து.

பக்கத்தில் காத்து உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா தன் மஞ்சள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"யம்மா, இங்கன வாங்க! கள்ளக் கையெழுத்து பழகிட்டு வந்திருக்கான். நோட்டையும் அவனே தாரான்!" என்று அண்ணாச்சி கூப்பாடு போட்டார்.

வக்கீலம்மா போனை வைத்துவிட்டு வந்து நோட்டை வாங்கினார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். எனக்கு ஐந்து மணியும் மறந்தது, ஜெயில்தான் தெரிந்தது. திடீரென்று அவர் சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, கள்ளக் கையெழுத்து போடுதவன் ஒரே மாதிரில்லா போடுவான்? இதுல ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கா? இவ்வளவு மோசமாப் போடணும்னா, அது சொந்தக் கையெழுத்தாத்தான் இருக்கும்." என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஹால் டிக்கெட்ல போட்ட மாதிரி போடு. வக்கீலான பெறவு படம் வரஞ்சுக்கோ."

அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே புதுப் பத்திரம் தந்தார். இட்லிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். ஹால் டிக்கெட்டோடு அச்சாகப் பொருந்தின. நாலே முக்காலுக்கு இணையத்தில் ஏற்றிவிட்டேன்.

இப்போது கடைசி வருஷம் படிக்கிறேன். ஒருவனைக் கள்ளன் என்று எல்லோரும் சொல்லி, ஆதாரமும் அப்படியே பேசும்போது, அவன் என்னைப் போலக் கிறுக்குப் பிடித்த வெறும் கோட்டிக்காரனாகவும் இருக்கலாமே என்று ஒரு நிமிஷம் தாமதிக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தை அன்று ஒருவர் எனக்குக் கொடுத்ததால்தான் நான் சட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன்.