அலுமினியம் கருத்த நாள்

அறுபதுகளில் செஞ்சி–அவலூர்பேட்டை பஸ்ஸில் கிளீனராக இருந்தேன். ஆயுத பூசைக்குப் பளபளக்கட்டும் என்று, பெயின்ட் இல்லாத அலுமினியத் தகடுகளைக் காஸ்டிக் சோடா கரைத்துத் தேய்த்தேன். எல்லாம் கருத்துவிட்டன.

"எவன்டா இத்தக் கெடுத்தவன்?" என்று டிரைவர் கத்தினார். இன்னொரு கிளீனரான முனுசாமியைக் கை காட்டினேன்.

"நா இல்லண்ணா, சத்தியமா!" என்று அவன் கதறக் கதற, டிரைவர் ஜாக்கிக் கம்பியால் அடித்தார். முன்பல் உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

பிறகு முனுசாமி ரத்தத்தைத் துப்பிக்கொண்டே புளியால் தேய்த்துக் கருமையை எடுத்தான். மறுபடி மங்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் பூசினான். அப்போதுதான் சோடா பட்டுத் தோலுரிந்த என் உள்ளங்கைகளைக் கண்டான். அடிக்கப்போகிறான் என்று நின்றேன்.

"இன்னாத்துக்கு மறைக்கிற? நீட்டுடா." மிச்ச எண்ணெயை என் கையில் தடவினான். "எரியுதா?"

இல்லை என்றேன். அன்று நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

அப்புறம் எத்தனையோ ஊர்களில் அடி வாங்கினேன். யாரையும் கை காட்டவில்லை.