அம்மாவின் பெயருக்கு நேரே ஒரு கைநாட்டு

கடந்த தேர்தலில்தான் எனக்கு முதல் ஓட்டு. கழுகுமலைப் பக்கம் எங்கள் ஊர். மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. கரிசல் வெடித்துக் கிடந்த சித்திரை வெயிலில், உச்சிப்பொழுதில் தனியாகப் போனேன். வரிசையே இல்லை.

அலுவலர் என் பெயரையும் வீட்டு எண்ணையும் வாசித்தார். பட்டியலில் கோடு போட்டுக்கொண்டிருந்த கட்சி ஏஜென்ட், பக்கத்து ஊர்க்காரர், நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"ஒங்க அம்மா இப்பதான போட்டுட்டுப் போறாவ. சேந்தே வந்திருக்கலாம்லா?"

அம்மா இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

வாசலுக்கு ஓடினேன். கண் கூசும் வெயில். தூரத்தில் சீமைக்கருவேல மரங்களை ஒட்டி, முக்காடு போட்ட ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். இடது தோளைச் சாய்த்த நடை. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும்போது அப்படித்தான் நடப்பாள். "அம்மா" என்று கூப்பிட்டேவிட்டேன். அவள் திரும்பவில்லை. கானல் அசைந்தது. மறுபடி பார்த்தபோது பாதையில் யாருமில்லை.

உள்ளே வந்து பொறுப்பு அதிகாரியிடம் சொன்னேன். பதிவேட்டைக் காட்டினார். அம்மாவின் எண்ணுக்கு நேரே கைநாட்டு, மை இன்னும் காயவில்லை. அம்மா கையெழுத்துத்தான் போடுவாள். கைநாட்டு வைக்கச் சொன்னால் கோபப்படுவாள். வந்தது வேறொருத்தி என்று அதைப் பார்த்த பிறகுதான் மனம் நம்பியது.

"இறந்தவங்க பேரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலையாம்மா?" என்றார் அதிகாரி.

அம்மா இறந்த பிறகு, வாக்காளர் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க வீட்டுக்கு விசாரிக்க வந்த வெளியூர் டீச்சர் அம்மாவைப் பற்றியும் கேட்டார். "வேலைக்குப் போயிருக்காவ" என்று சொல்லிவிட்டேன். அம்மா பெயருக்குக் கீழே என் பெயர் அச்சில் வரவேண்டும் என்ற ஆசை. அதில் என்ன பெரிய தப்பு என்று நினைத்திருந்தேன்.

ஏஜென்ட் மெதுவாகச் சொன்னார்: "இத்தோட விட்டுருத்தா. ஒனக்குத்தான் கேஸாவும்."

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், "இல்ல அண்ணாச்சி, பொய் சொன்னது நான்தான். எழுதிக் கொடுத்துருதேன்" என்றேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் என் ஓட்டைப் போட்டேன்.

வந்தவள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பல நாள் பஸ்ஸிலும் கடைவீதியிலும் பெண்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லார் விரலிலும் மை இருந்தது. என் விரலிலும்தான்.

அடுத்த வாரமே இறப்புச் சான்றிதழோடு போய் மனுக் கொடுத்தேன். என்மேல் கேஸ் எதுவும் வரவில்லை. புதிய பட்டியலில் அம்மா பெயர் இல்லை. அதைப் பார்த்த அன்றுதான், சாவு நடந்த வீட்டில் அழுவதுபோல அழுதேன்.

பதினெட்டு வயதானதும் ஓட்டுரிமை தானாக வந்துவிட்டது. ஒரு சின்னப் பொய்கூட அம்மாவின் குரலை யாரோ ஒருத்தியிடம் கொடுத்துவிடும் என்ற பயம்தான் என்னை இந்த நாட்டின் குடிமகளாக்கியது.