மாமியார் ஊற்றிய தண்ணீர்

என் மாமியார் தண்ணீர் கொடுக்காமலே என்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார் என்று எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சத்தியமாக நம்பினேன்.

நான் மலேசியாவில், ஈப்போ டவுனில் வளர்ந்தவள். குழாயைத் திருகி, நினைத்தபோதெல்லாம் குடித்துப் பழக்கம். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வாக்கப்பட்டு, மூத்த மகளைப் பெற்று லயத்து வீட்டுக்குத் திரும்பிய அன்றே தண்ணீர்ப் பானை மாமியார் படுக்கும் பாய் ஓரத்துக்குப் போய்விட்டது. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், பால் வழியாகப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது அவர் சட்டம். காலையில் ஒரு கிளாஸ் சுக்குக் கஷாயம், சாயந்திரம் ஒன்று. நடுவில் பூண்டும் மிளகும் அரைத்து ஊற்றிய குழம்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"அத்தை, ஒரு வாய் தண்ணி குடுங்க."

"முப்பது நாள் கழியட்டும் லா. அப்புறம் ஆத்தையே குடி."

பிள்ளை உறிஞ்சிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டு அழுவாள். வீட்டுக்கே வந்து எடை பார்த்த கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியின் முகம் சுருங்கியது. "நல்லா தண்ணி குடிக்கணும் அக்கா, அப்பத்தான் பால் ஊறும். அடுத்த தடவையும் எடை ஏறலன்னா டின் பால்தான்."

அவள் வாசலைத் தாண்டவில்லை, மாமியார் ஆரம்பித்துவிட்டார். "அந்த மிஸ்ஸிக்குக் கல்யாணமே ஆகல. பால பத்தி இவளுக்கு என்னா தெரியும்?"

டின் பால் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. அலமாரி மேலே ஒரு பால் மாவு டின் உட்கார்ந்திருந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே வாங்கி வைத்தது! ஓகோ, சங்கதி இதுதானா? என் பாலை வற்ற வைத்து, பிள்ளையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, என்னை ரப்பர் மரத்தில் பால் வெட்ட அனுப்பும் திட்டம். அதன் பிறகு அவர் தும்மினால்கூட அதில் ஏதோ உள்குத்து இருப்பதாகப் பட்டது.

தாகத்துக்கு வழி கிடைத்தது குளியலறையில். நொச்சியும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை மாமியார்தான் சொம்பு சொம்பாக என் தலையில் ஊற்றுவார். நான் முகத்தை அண்ணாந்து, ஓடி வருவதில் கிடைத்ததை விழுங்குவேன். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. ஆனாலும் அதற்காகவே குளிக்கக் காத்திருந்தேன்.

ஒரு நாள் தண்ணீரில் இலையும் இல்லை, மஞ்சளும் இல்லை. சூடும் குறைவு. வேறு ஏதோ வாசனை வந்தது. மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் நின்றுவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. இதுவும் அந்த மாதிரி ஏதாவது மருந்தோ? பாவி மனுஷி! உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

ஒரு சொம்பு ஊற்றினார். இன்னொரு சொம்பு. அப்புறம் கை நின்றது.

"இன்னைக்கு ஏன் வாய மூடிக்கிட்ட?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நீ முழுங்குறது எனக்குத் தெரியாதா? அந்தக் கண்றாவிய குடிச்சா வயிறு என்னாவுறது? அதான் சீரகம் போட்டு நல்லா கொதிக்க வச்சு ஆத்தி வச்சிருக்கேன். தொற வாய."

"அதை சொம்புலயே குடுக்கலாமே அத்தை?"

"பிள்ள பெத்தவளுக்கு என் கையால தண்ணி குடிக்கக் குடுத்ததில்ல. குடுக்கவும் மாட்டேன். நான் குளிப்பாட்டுறேன் லா. நீ என்னா பண்றன்னு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு முகத்தைத் தகரத் தடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக ஊற்றினார். நான் அழுதுகொண்டே குடித்தேன். அன்று தொடங்கி எனக்குத் தினமும் இரண்டு வேளைக் குளியல்.

அலமாரி மேலிருந்த டின் எதற்கு என்று மட்டும் நான் கேட்கவே இல்லை. அந்தச் சந்தேகம் இன்றும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மிஸ்ஸி மறுபடி வந்தாள். தராசைப் பார்த்துச் சிரித்தாள். "அட, நல்லா ஏறியிருக்கே! நான் சொன்ன மாதிரி தண்ணி குடிச்சீங்களா அக்கா?"

எனக்கு முன்னால் மாமியார் முந்திக்கொண்டார். "ஒரு சொட்டு குடுக்கல மிஸ்ஸி. எல்லாம் பத்தியம்."

பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.