வண்டி இல்லாமல் தங்கியவன்

செங்கல்பட்டு ரயில் நிலைய வாசலிலிருந்து இருநூறு தப்படிக்குள் ஒன்பது லாட்ஜுகள் இருந்தன. ஐம்பதுகளின் நடுவில் நானே எண்ணியது. அங்கிருந்து ஊருக்குள் இருந்த பள்ளிக்கூடம் வரை ஆயிரத்து எழுநூறு தப்படி. அந்த வழியில் ஒரு லாட்ஜ்கூடக் கிடையாது. ஒன்பதும் ஏன் ஒரே இடத்தில் மொய்த்துக் கிடக்கின்றன என்று அன்றைக்கு எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்கு இண்டர்வியூ. இரண்டு வருஷமாக வேலையில்லை. இதுவும் தவறினால் புதுப்பட்டினத்தில் மாமாவின் மளிகைக் கடையில் உட்கார வேண்டியதுதான். மழைக்காலத்தில் மாமல்லபுரத்திலிருந்து வரும் காலை பஸ்ஸை நம்ப முடியாது என்று முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டேன்.

லாட்ஜ்காரர் வயதான பாய். அவருக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. பத்து அறை எண்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு ரயில்.

"எந்த வண்டி?"

"வண்டி இல்லீங்க பாய். காலையில ஒரு இண்டர்வியூ."

"அது கெடக்கட்டும். எந்த வண்டின்னு கேட்டேன்."

"வண்டியே இல்ல."

"வண்டி இல்லாதவன் இங்க இன்னாத்துக்கு வந்தே? சரி, எட்டு மணி காஞ்சிபுரம் வண்டின்னு போட்டுக்கறேன். எதனா ஒண்ணு எழுதணும்ல."

நான் சிரித்தேன். அதுதான் தப்பு.

காலையில் குளித்துவிட்டு, வழக்கப்படி சாவியைப் பாயிடம் கொடுத்துவிட்டு நாஸ்தாவுக்குப் போனேன். நான்கு இட்லி. இரண்டாவது காபியும் குடித்தேன், பதற்றத்தில். திரும்பிப் பதினேழு படி ஏறினால் என் அறை உள்ளே தாழிட்டிருந்தது. சர்டிபிகேட் எல்லாம் கட்டிலுக்கு அடியில், பைக்குள்.

"ஒன் வண்டி போயி ஒரு மணி நேரமாவுது. வேற ஆளு வந்துட்டாரு," என்றார் பாய்.

"என் பை உள்ள கீது பாய். எழுப்புங்க."

"ராவெல்லாம் முழிச்சுகினு வந்த மனுசன். பன்னெண்டு மணி விழுப்புரம் வண்டி. பதினொண்ணரைக்கு முன்ன எழுப்ப மாட்டேன். இங்க அதான் பழக்கம்."

மணி ஒன்பது பத்து. இருபத்துமூன்று முறை கதவைத் தட்டினேன். உள்ளே குறட்டை நிற்கவில்லை. ஒன்பதே முக்கால் ஆயிற்று. கடைசியில் கதவில் வாயை வைத்துக் கத்தினேன்: "விழுப்புரம் வண்டி வந்துடுச்சு!"

மூன்று கதவுகள் திறந்தன. என் அறையிலிருந்து ஒரு பருத்த மனிதர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, டிரங்குப் பெட்டியோடு பாய்ந்து படியிறங்கினார். பையை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். அவர் இடது பக்கம் ஸ்டேஷனுக்கு, நான் வலது பக்கம்.

பத்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். ஐந்து கேள்விகள் கேட்டார்கள். நான்குக்குச் சரியாகப் பதில் சொன்னேன். திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

சந்தோஷமாக இருக்க முடியவில்லை. அந்த மனிதர் என்ன ஆனார்? லாட்ஜுக்குப் போய்க் கேட்டேன்.

"திரும்பி வந்தாரு. ரூம் போயிடுச்சுன்னேன். ஸ்டேஷன்லதான் கெடப்பாரு."

இறங்கிப்போன ஆளுக்கு அறை கிடையாது. அந்தப் பலகைக்கு ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. வண்டி மட்டும்தான் தெரியும்.

பிளாட்பாரத்தில் ஏழாவது பெஞ்சில் பெட்டியைத் தலைக்கு வைத்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். விழுப்புரம் வண்டி வந்து நின்றிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஐயா, விழுப்புரம் வண்டி."

ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அந்தக் கொரலு எனக்குத் தெரியும். போடா," என்று திரும்பிப் படுத்தார்.

கார்டு விசில் ஊதினார். வேறு வழி தெரியவில்லை. தலைக்கு அடியிலிருந்து பெட்டியை உருவி, எதிரே நின்ற ரயில் பெட்டிக்குள் ஏற்றிவிட்டேன். "திருடன், திருடன்" என்று கத்திக்கொண்டே அவரும் பின்னால் ஏறினார். வண்டி நகர்ந்தது.