இருசப்பனின் இரண்டு விரல்

பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்ட நாள் குறிப்பதென்றால், பஞ்சாங்கத்துக்கு முன்னால் இருசப்பனைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் இரண்டு காணி கரும்பு வைத்திருந்த விவசாயிதான். ஆனால் அவர் வாய்க்கு ஒரு பெயர் இருந்தது. அடிக்கரும்பில் ஒரு கடி, நுனிக்கரும்பில் ஒரு கடி. நுனியும் அடியைப் போலவே தித்தித்தால் வெட்டச் சொல்வார். இல்லையென்றால் துப்பிவிட்டு நடையைக் கட்டுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலு, கார்த்திகைப் பிறப்பு. ஏர் பூட்டும்போது மாடு தலையை உதறியதில் கொம்பு இருசப்பன் தாடையில் பட்டு எலும்பு உடைந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் கீழ்ப்பற்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கம்பியால் கட்டினார். கூட நின்ற கம்பவுண்டர் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்.

"நாப்பத்தஞ்சு நாளு கெட்டியா எதையும் கடிக்கக் கூடாது. கம்பி தளர்ந்தா எலும்பு கோணலாக் கூடிடும். அப்புறம் ஆயுசுக்கும் கஞ்சிதான்."

கஞ்சி என்றது அவருக்கு உறைக்கவே இல்லை. இனிமேல் கரும்பு கடிக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அவர் கவலை. நாற்பத்தைந்து நாள் இந்த வாயை அடக்கியே தீருவது என்று அங்கேயே முடிவு கட்டினார்.

முடிவு கட்டுவது சுலபம். ஆனால் மடியில் வறுகடலை இல்லாமல் வயலில் கால் வைக்காத மனுஷன் அவர்.

"எதைத் துன்லாம், எதைத் துன்னக் கூடாதுன்னு எப்பிடிய்யா கண்டுபுடிப்ப?" என்று கேட்டாள் அவர் பெண்சாதி வள்ளிநாயகி.

இருசப்பன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். "இதுக்கு நடுவுல நசுங்குனா உள்ள போவும். இல்லன்னா போவாது."

கடலையும் முறுக்கும் அன்றோடு போயின. வேகவைத்த சர்க்கரைவள்ளியும் வாழைப்பழமும் பாலில் ஊறிய அவலும் வந்தன. தீபத்தன்று பொரி உருண்டையை விரல் வலிக்க அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு அதை மாட்டுக்குப் போட்டார். கொம்பால் குத்திய அதே மாட்டுக்குத்தான்!

மார்கழியில் பக்கத்துக் கொல்லை அரங்கநாதன் முதல் வெல்லம் காய்ச்சினான். கொப்பரையிலிருந்து சூடாக ஒரு துண்டு எடுத்து வாழையிலையில் வைத்து நீட்டினான். இருசப்பன் விரலால் நசுக்கினார். வெல்லப்பதம் பார்த்துப் பழகிய விரல்கள். பஞ்சாக நசுங்கியதும் சந்தோஷமாக வாயில் போட்டுக்கொண்டார். பிசின் மாதிரிப் பிடித்தது. வாயைத் திறந்தபோது பின்பல் கம்பியும் கூடவே வந்தது.

டாக்டர் பிரெஞ்சில் கத்தினார். மொழி தெரியாவிட்டாலும் திட்டு நன்றாகவே புரிந்தது. கம்பியை மறுபடி முறுக்கி, மேற்கொண்டு இருபது நாள் போட்டார். திரும்பும் வழியெல்லாம் வண்டியில் இருசப்பன் தன்னையே நொந்துகொண்டார். ஊர் எல்லை வந்ததும் வள்ளிநாயகியிடம், "நசுங்குனா மட்டும் போதாது புள்ள, வெரல்ல ஒட்டவும் கூடாது," என்றார். அதற்குப் பிறகு அந்த விரல்கள் ஏமாறவில்லை.

மார்கழி பாதி தாண்டியது. மீதிக் கரும்புக்கு நாள் கேட்டு அரங்கநாதன் வந்தான்.

"ஒரே ஒரு கடி அண்ணே. இன்னா ஆயிடப் போவுது?"

"மாட்டேன்பா."

"அப்ப இருசப்பன் வாய் அவ்ளோதான்னு ஊருல பேசிக்கிறது நெசந்தானா?"

சுருக்கென்று தைத்தது. கரும்பைப் பிடுங்கிக் கடித்துக் காட்டக் கை பரபரத்தது. பல்லைக் கடிக்கவும் வழியில்லாமல் அடக்கிக்கொண்டார். அடிக்கரும்பையும் நுனிக்கரும்பையும் தனித்தனியாக உரலில் இடிக்கச் சொன்னார். இரண்டு சாற்றையும் ஒவ்வொரு வாய் குடித்தார்.

"நுனி இன்னும் சப்புன்னு இருக்குது. எட்டு நாளு பொறு."

அரங்கநாதன் அரை மனசோடு பொறுத்து வெட்டினான். வெல்லம் தங்கமாக வந்தது.

அறுபத்தைந்தாம் நாள் கம்பியைக் கழற்றினார்கள். எதை வேண்டுமானாலும் தின்னலாம் என்றார் கம்பவுண்டர். ஆஸ்பத்திரி வாசலில் வள்ளிநாயகி தங்கள் கொல்லையில் ஒடித்து வந்த நுனிக்கரும்புத் துண்டை நீட்டினாள். எலும்பு சரியாகக் கூடியிருக்குமா என்ற பயம் இன்னும் போகவில்லை. பழக்கதோஷத்தில் அதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினார்.

"அது கரும்புய்யா, நசுங்காது!" என்று சிரித்தாள் அவள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரே கடி கடித்தார். மடக்கென்று முறிந்தது. நிதானமாக மென்று, சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பினார்.

"நாளைக்கே வெட்டலாம் புள்ள," என்றார்.