சீனி வெடி நடுவர்

எங்கள் சாத்தூர்த் தெருவில் டென்னிஸ் ஆடியவர்கள் மொத்தம் இரண்டே பேர்: நானும் அக்காவும். அதில் நான் உலகத் தரத்தை எட்டியிருந்த ஒரே திறமை, பந்தைப் போடாமல் இருப்பது.

ஒரு பாயிண்ட் முடிந்ததும் நெற்றியைத் துடைப்பேன். பந்தைத் தரையில் தட்டித் தட்டிப் பார்ப்பேன். அறுந்துபோகாத செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்வேன். இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக் கண்ணை மூடுவேன். அதற்குள் அக்காவுக்கு எரிச்சல் ஏறி, அடுத்த பந்தை முள்வேலிக்கு அந்தப் பக்கம் அடித்துவிடுவாள். நான் எடுத்த பாயிண்டெல்லாம் அப்படி எடுத்தவைதான்.

மட்டை வாங்கித் தந்தவர் சித்தப்பா. சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை. டிவியில் டென்னிஸ் ஓடினால் தட்டில் சோறு காய்ந்துபோகும். அந்தக் கோடையில் மதுரையில் நடந்த ஒரு டென்னிஸ் போட்டியைப் பார்க்கக் கிளம்பினார். பைக்கின் பின் சீட்டில் முக்கால்வாசி சித்திக்கு. மீதியில் ஒரு பிள்ளைதான் தொற்றிக்கொள்ளலாம். ஆடி ஜெயிப்பவருக்கு மதுரை என்று முடிவானது.

பள்ளிக்கூட மைதானத்தில் அம்மாவின் பழைய சேலையை வலையாகக் கட்டி ஆரம்பித்தோம். நான் செருப்பு வாரைத் தொட்டதுமே சித்தப்பா கத்தினார்.

"ஏலே, பந்து போடப் போறியா, அடைகாக்கப் போறியா? ரெண்டு பாயிண்டுக்கு நடுவுல இம்புட்டு நேரந்தான்னு டிவியில அம்பயர் சொல்றார்ல?"

அவர் கையில் கடிகாரம் இருந்தது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டத்தை யார் பார்ப்பது? எனவே எங்கள் ஊர்க்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனை அவருக்குத் தோன்றியது. தூரத்தில் ஒரு செங்கல். அதன் மேல் நீளத் திரி வைத்த சீனி வெடி. பாயிண்ட் முடிந்ததும் பற்றவைப்பார். பந்து பறந்துவிட்டால் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அணைப்பார். அதற்குமுன் வெடித்தால் பாயிண்ட் எதிராளிக்கு.

ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல். எனக்கு வெடி என்றால் பயம். அம்மா பட்டாசு ஆலைக்குத் திரி வெட்டப் போகிறவள். மகனுக்கோ ஒவ்வொரு தீபாவளிக்கும் விடிந்ததும் வயிற்றுவலி வந்துவிடும். விஷயம் எனக்கும் என் வயிற்றுக்கும் மட்டுமே தெரியும் என்று நம்பியிருந்தேன்.

திரி சீறியபோதெல்லாம் கண் மூடிக்கொண்டது, என் கை தானாகப் பந்தை எறிந்தது. போட்டதில் பாதி சேலையில் விழுந்தது, பாதி சித்தப்பாவின் மேல். அக்கா நிதானமாகப் போட்டாள். இருந்தும் அவள் வேகத்தில் நிறைய வெளியே போனதால், எப்படியோ சமமாகிக் கடைசி பாயிண்டுக்கு வந்துவிட்டோம். பந்து என் கையில்.

திரி பற்றியது. என் கை எழவில்லை. மட்டையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினேன். திரி எரிந்து முடிந்தது. சத்தமே இல்லை. வெடி நமுத்துவிட்டது.

"யாரும் கிட்டப் போகக் கூடாது!" என்று சித்தப்பா வாளியோடு ஓடி, எட்ட நின்று தண்ணீரைக் கொட்டினார். "நேரம் முடிஞ்சுபோச்சுலே. பாயிண்ட் அக்காவுக்கு."

"வெடிக்கலைல்ல சித்தப்பா? அப்ப நேரமும் முடியலைல்ல? அவன் போடட்டும்" என்றாள் அக்கா. பிறகு என் காதுகளைப் பார்த்தாள். இன்னும் பொத்தியபடிதான் இருந்தேன். "இந்த ஒரு தடவை வெடி வேண்டாம். மனசுக்குள்ள எண்ணுங்க."

சித்தப்பா உதடு அசைய எண்ணினார். அன்றைக்கு முதல்முறையாக நான் கண்ணைத் திறந்துகொண்டு பந்தைப் போட்டேன். அவள் அடித்தாள், நான் அடித்தேன், அவள் அடித்தாள். என் கடைசி அடி சேலை விளிம்பில் தட்டி, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது. மைதானம் முழுக்க ஓடினேன். அக்காவும் சிரித்துக்கொண்டே பின்னால் துரத்தி வந்தாள்.

மதுரைக்குப் போய்வந்து தெரு முழுக்கக் கதை அளந்தேன். ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். மீதி, "எங்க அக்காவுக்கு வெடின்னா பயம்லே, அதான் கடைசியில வேண்டாம்னுட்டா" என்பது. வாசலில் நின்று கேட்ட அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பாவம், உண்மை வெளியே வந்துவிட்டதே என்று வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.