ஒரே ஸ்டாண்டில் இருவர்

குற்றாலத்தில் கோடை வயலின் முகாம். நானும் ரவியும் பாடம் எடுக்கிறோம்.

ஆர்க்கெஸ்ட்ராவில் பல வருடம் ஒரே ஸ்டாண்டில் வைத்த இசைக்குறிப்பைப் பார்த்து வாசித்தவர்கள் நாங்கள். போன மாதம்தான் விவாகரத்து ஆனது. இங்கே எல்லோருக்கும் நாங்கள் இன்னும் கணவன் மனைவிதான்.

இன்று பிள்ளைகள் கேட்டதால் சேர்ந்து வாசித்தோம். பக்கம் முடியும் இடத்தில், நான் சொல்லாமலே, அவன் தன் வாசிப்பை நிறுத்தி எனக்காகப் பக்கத்தைத் திருப்பினான்.

கண் நிறைந்துவிட்டது. மீதியை மனப்பாடமாகத்தான் வாசித்தேன்.

ஒரு மாணவியின் அம்மா, செங்கோட்டைக்காரர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "புருசன் பொண்டாட்டின்னா இப்பிடில்லா இருக்கணும்! நாளைக்கு ரெண்டு பேரும் சோடியா எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

"வாரோம்க்கா" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டோம்.

தாளம் மட்டும் இன்னும் தப்பவில்லை. போகலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.